காதலிக்க ஒரு கள்ளன்... கல்யாணத்துக்கு ஓர் இளவரசன்!

*மதுரை வீரனுக்கு அரச குலம் கொடுத்தோம். மலைக்கள்ளனை முறை மாப்பிள்ளை ஆக்கினோம். பழைய கள்ளர் கதைகள் புதிய காதல் நாவல்களாக மாறும் இந்தக் காலத்தில், அந்தத் திருத்தங்களுக்கு விலை கொடுப்பவர்கள் யார்?*

கூத்துக் களரியில் நள்ளிரவு தாண்டிவிட்டது. முகவீணையும் மிருதங்கமும் சேர்ந்து மழையை வரவழைக்கின்றன. இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் பொம்மி உட்கார்ந்திருக்கிறாள். வயதுக்கு வந்த பெண் ஊருக்கு வெளியே ஓலைக் குடிசையில் தனித்திருக்க வேண்டும். அது அவள் குலத்து வழக்கம். குடிசைக்குக் காவல் இருக்க வேண்டிய பெரியவர் இன்று வரவில்லை. காற்றையும் மழையையும் பார்த்து அவருடைய மகன் தடியோடு வந்து நிற்கிறான். காவலுக்கு வந்தவனுக்குக் காவல் யார் என்கிற தோரணையில் கட்டியக்காரன் ஒரு குறும்பை வீச, முன்னால் பாய் விரித்துப் படுத்திருந்த பிள்ளைகள்கூட எழுந்து உட்காருகிறார்கள். அடுத்து நடக்கப்போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாளையக்காரர் பொம்மண்ணனின் மகள் காவல்காரனோடு போய்விடுவாள். பொழுது விடிவதற்குள் குதிரைகள் துரத்தும்.

மதுரை வீரன் கூத்தில் இந்த இடத்துக்குத்தான் தூக்கம் கலையும். இத்தனைக்கும் மேடையில் ஒரு முத்தம் கிடையாது, தொடுதல்கூடக் கிடையாது. இரண்டு பேர், ஒரு குடிசை, நடுவில் மழை. அவ்வளவுதான்.

இந்தக் கதையைப் பேசுவதற்குப் பொருத்தமான ஊர் சோரியாங்குப்பம். புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில், தென்பெண்ணையாற்றை ஒட்டிய கிராமம். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரச் சாமிகள் இங்கே தீர்த்தவாரிக்கு வருவார்கள். மணலில் கடைகள் முளைக்கும், சுருளிக்கிழங்கு விற்கும், ஜனம் நிறையும். ஆற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம், தமிழ்நாடு. இந்தக் கரையில் அரசு உரிமத்தோடு நடக்கும் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் அந்தக் கரையில் குற்றம். ஒரே செயல் ஓரிடத்தில் தொழில், ஓர் ஆறு தள்ளினால் வழக்கு. குற்றவாளி என்பவன் பிறப்பதில்லை, கோடு போடுகிறவர்கள்தான் அவனை உண்டாக்குகிறார்கள் என்பதை எல்லையோர ஊர்க்காரர்களுக்குப் புத்தகம் வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது ஏன் இந்தப் பேச்சு? பழைய கதைகளை இன்றைய காதலாக மாற்றி எழுதுவது வாசிப்புச் சந்தையில் பெரிய அலை. ஆங்கிலத்தில் ராபின் ஹூட்டைக் கல்லூரி மாணவனாகவும் கணினித் திருடனாகவும் ஆக்கி, படுக்கையறைக் கதவைத் தாண்டாத காதல் நாவல்களாக எழுதித் தள்ளுகிறார்கள். வீட்டில் எல்லோரும் படிக்கலாம் என்பது அவற்றின் விளம்பரம். தமிழிலும் கைபேசியில் தொடர்கதை எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். புராணமும் வரலாறும் அவர்கள் கையில் காதல் தொடராகின்றன. நம் கள்ளர் கதைகளும் இந்த வரிசையில் வந்து நிற்கும் நாள் தொலைவில் இல்லை. அப்போது எதைக் கழுவுவோம், எதை விட்டுவைப்போம்?

ராபினுக்கு நடந்தது

ஆங்கிலேயரின் கள்ளனிடமிருந்து தொடங்கலாம். 1500-ஐ ஒட்டி அச்சான நீண்ட கதைப்பாடலில் ராபின் ஹூட் பிரபு அல்ல. நிலமும் பட்டமும் பெரிதாக இல்லாத நடுத்தரக் குடியானவன். அவனுக்குக் காதலியும் கிடையாது. மேரியன் என்ற பெண் வேறொரு வழியில் வந்தவள். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுக் கவிஞர் அதாம் த லா ஆல் எழுதிய நாடகத்தில் ராபின் என்ற இடையனும் மேரியன் என்ற இடைச்சியும் காதலர்கள். அந்த ராபினுக்கும் கள்ளன் ராபினுக்கும் உறவில்லை. வசந்த விழாக்களில் இரண்டு பெயர்களும் அருகருகே வந்து, மெல்ல ஒட்டிக்கொண்டன.

1598-ல் ஆண்டனி மண்டே என்ற நாடகாசிரியர் ராபினை வைத்து இரண்டு நாடகங்கள் எழுதினார். அவற்றில் அவன் ஹன்டிங்டன் பிரபு. சதியால் சொத்தை இழந்து காட்டுக்குப் போனவன். உயர்குலப் பெண் காதலிக்கத் தக்கவனாக அவன் மாறியாகிவிட்டது. 1938-ல் எரால் ஃப்ளின் நடித்த புகழ்பெற்ற படத்திலும் அவன் பட்டம் பெற்ற வீரன்தான். காதல் உள்ளே வந்தபோது கள்ளனின் குலம் உயர்ந்தது.

ஆனாலும் ஆங்கிலக் கதைக்கும் நம் கதைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மேரியனை எடுத்துவிட்டாலும் ராபின் கதை நிற்கும்; மானை வேட்டையாடியவன், பணக்காரனைக் கொள்ளையடித்தவன் என்று குற்றங்கள் மிச்சமிருக்கும். மதுரை வீரன் கதையிலிருந்து பொம்மியை எடுத்தால் என்ன மிஞ்சும்? தகப்பனுக்குப் பதிலாகக் காவலுக்குப் போன பிள்ளை ஒருவன். அவ்வளவுதான். இங்கே காதல் குற்றவாளிக்குக் கிடைத்த பரிசு அல்ல. காதல்தான் குற்றம்.

வீரனுக்கு நடந்தது

கொண்டித்தோப்பு பி.இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகங்களின் ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்கள் வழியாகப் பரவிய கதையில், வீரன் காசி அரசனின் மகன். கொடி சுற்றிப் பிறந்ததால் நாட்டுக்கு ஆகாது என்று சோதிடர் சொல்ல, காட்டில் விடப்படுகிறான். அருந்ததியத் தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். பொம்மியோடு போகிறான். பாளையக்காரரின் படையை வெல்கிறான். திருச்சி நாயக்க அரசிடம் சேவகம் செய்கிறான். அழகர் மலைக் கள்ளர்களை அடக்க மதுரைக்கு அனுப்பப்படுகிறான். கள்ளன் என்று துரத்தப்பட்டவனே கள்ளர்களைப் பிடிக்கும் அதிகாரி ஆகிறான். மதுரையில் அரண்மனை நாட்டியக்காரி வெள்ளையம்மாளோடு அடுத்த காதல். அதற்குத் தண்டனை மாறுகால் மாறுகை. செத்தவன் தெய்வமாகிறான். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கு வாசலில் இன்றும் அவனுக்குச் சந்நிதி உண்டு. கிராமத்துக் கோயில்களில் இரண்டு பெண்களுக்கு நடுவே மீசையோடு அவன் நிற்கிறான்.

இந்தக் கதையில் காசி அரசனுக்கு என்ன வேலை? கதையின் எந்தத் திருப்பத்துக்கும் அவர் தேவையில்லை. குழந்தையைக் காட்டில் விட்ட பிறகு அவர் கதைக்குள் வருவதும் இல்லை. அவர் செய்யும் வேலை ஒன்றே ஒன்று: கேட்பவரின் மனசாட்சிக்கு ஆறுதல். பொம்மி போனது தோல் தொழிலாளியின் மகனோடு அல்ல, தொலைந்துபோன இளவரசனோடு என்று அவர் சொல்லிவிட்டுப் போகிறார். அரச பிறப்பு பின்னால் செருகப்பட்டது, வீரன் எங்கள் வீட்டிலேயே பிறந்தவன் என்று அருந்ததியர் இயக்கங்கள் நெடுநாளாகச் சொல்லிவருகின்றன.

1956-ல் லேனா செட்டியார் தயாரிப்பில், யோகானந்த் இயக்கத்தில், கண்ணதாசன் வசனத்தில் வந்த ‘மதுரை வீரன்’ படமும் இளவரசப் பிறப்பை வைத்துக்கொண்டது. எம்.ஜி.ஆர். வீரன், பானுமதி பொம்மி, பத்மினி வெள்ளையம்மாள். வளர்த்த பெற்றோராக வந்த என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் அந்தக் குடிசையைச் சிரிப்பும் பாசமுமாக நிரப்பினார்கள். மக்கள் கொண்டாடினார்கள். வளர்ப்புக்கு மரியாதை கிடைத்தது. பிறப்பு மட்டும் காசியிலேயே இருந்தது.

---
பெட்டிச் செய்தி 1: மூன்று காதல்கள், மூன்று முடிவுகள்

மதுரை வீரன் – பொம்மி, வெள்ளையம்மாள்: வளர்ப்பு அருந்ததியர் குடியில். தண்டனை மாறுகால் மாறுகை. கதை கொடுத்த திருத்தம்: காசி அரசனின் மகன்.

காத்தவராயன் – ஆரியமாலை: அந்தணப் பெண்ணை விரும்பிய, தாழ்த்தப்பட்ட குடியில் வளர்ந்த காவல்காரன். தண்டனை கழுமரம். கதை கொடுத்த திருத்தம்: அவன் சிவனின் பிள்ளை, சாபத்தால் மண்ணுக்கு வந்தவன். 1941-ல் பி.யு.சின்னப்பா நடித்த ‘ஆரியமாலா’, 1958-ல் சிவாஜியும் சாவித்திரியும் நடித்த ‘காத்தவராயன்’ என்று படங்களாக வந்தது. யாழ்ப்பாணத்தில் காத்தவராயன் கூத்து இன்றும் ஆடப்படுகிறது.

முத்துப்பட்டன் – பொம்மக்கா, திம்மக்கா: இங்கே தலைகீழ். ஆண் அந்தணன், பெண்கள் செருப்புத் தைக்கும் குடியைச் சேர்ந்த வாலப்பகடையின் மகள்கள். பூணூலைக் கழற்றி, குடுமியை எடுத்து, செருப்புத் தைத்துக் காட்டினால்தான் பெண் தருவேன் என்கிறார் வாலப்பகடை. பட்டன் அப்படியே செய்கிறான். மாடு திருட வந்தவர்களோடு மோதிச் சாகிறான். பாபநாசம் மலையில் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்குத் தோல் செருப்பு இன்றும் காணிக்கை. நா.வானமாமலை இக்கதையை 1970-களின் தொடக்கத்தில் பதிப்பித்தார். பெண்களைப் பிறப்பால் அந்தணர்களாக்கிவிடும் வடிவமும் உண்டு.
---

முறை மாப்பிள்ளையாக முடிந்த மலைக்கள்ளன்

நாட்டுப்புறக் கதைகளை விடுங்கள். நவீன காலத்தில், சுதந்திரப் போராட்டக்காரர் ஒருவர் எழுதிய கள்ளர் காதல் கதை எப்படி இருந்தது? 1930-ன் வேதாரண்யம் உப்பு யாத்திரைக்கு நடைப்பாட்டு எழுதியவர் நாமக்கல் கவிஞர் வெ.இராமலிங்கம் பிள்ளை. அவர் எழுதிய நாவல் ‘மலைக்கள்ளன்’. பணக்கார அயோக்கியர்களிடம் எடுத்து ஏழைகளுக்குக் கொடுக்கும் மலைவாசி. கடத்தப்பட்டு அவன் பாதுகாப்பில் வந்து சேரும் பூங்கோதை. தமிழில் ராபின் ஹூட்டுக்கு இதைவிட நெருங்கிய உறவினர் இல்லை.

கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு 1954-ல் இதைப் படமாக்கினார். வசனம் மு.கருணாநிதி. எம்.ஜி.ஆரும் பானுமதியும் ஜோடி. கள்ளன் என்பவனை உண்டாக்குவது ஊர்ப் பெரிய மனிதர்களின் களவுதான் என்ற வாதத்தைப் படம் உரக்கவே வைத்தது. காதலும் படு நாகரிகம்: மலைக்குகையில் தங்கியிருக்கும் பெண்ணிடம் கள்ளன் வரம்பு மீறுவதே இல்லை. இன்றைய நாவல் சந்தை தேடும் கண்ணியக் காதலுக்கு இதுவே அச்சு.

கடைசியில் முகமூடி கழன்றபோது உள்ளே இருந்தவர் யார்? பூங்கோதையின் சொந்த முறைப்பையன். சிறு வயதில் காணாமல் போன குமாரவீரன். கள்ளனைக் காதலித்ததாக அவள் நினைத்திருந்தாள்; பார்த்தால் வீட்டில் முன்பே பேசி வைத்திருக்கக்கூடிய மாப்பிள்ளைதான். மலை, குகை, மாறுவேடம், துரத்தல் எல்லாம் கடந்து கதை வந்து சேர்ந்த இடம் அத்தை மகன் வீடு.

கதையில் இது சுவையான முடிச்சு, மறுக்க முடியாது. ஆனால் இதே ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜாதான் 1941-ல் ‘ஆரியமாலா’வையும் எடுத்தது. அங்கே காத்தவராயன் தெய்வப் பிறவி, இங்கே மலைக்கள்ளன் முறைப்பையன். ஒரே நிறுவனம், பதின்மூன்று ஆண்டு இடைவெளி, ஒரே சமாதானம்.

---
பெட்டிச் செய்தி 2: ஒரு கள்ளன், ஆறு மொழிகள்

தமிழில் ‘மலைக்கள்ளன்’ (1954). தெலுங்கில் என்.டி.ராமராவின் ‘அக்கி ராமுடு’ (1954). இந்தியில் திலீப்குமார், மீனாகுமாரி நடித்த ‘ஆசாத்’ (1955). மலையாளத்தில் ‘தஸ்கரவீரன்’, கன்னடத்தில் ‘பெட்டத கள்ள’, சிங்களத்தில் ‘சூரசேன’ (மூன்றும் 1957).

குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் ‘மலைக்கள்ளன்’.   
---

முத்தம் நமக்குப் பிரச்சினையே இல்லை

வீட்டில் எல்லோரும் படிக்கும் காதல் என்பது தமிழ் வெகுஜன எழுத்துக்குப் புதிதே அல்ல. 1969-ல் தொடங்கிய ‘ராணிமுத்து’ மலிவு விலையில் மாதம் ஒரு நாவலை வீட்டுக்குள் கொண்டுவந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய ரமணிசந்திரனின் வாசகிகள் மூன்று தலைமுறை. அங்கே நாயகனின் கோபமும் நாயகியின் தன்மானமும் முட்டிக்கொள்ளும். கதவு சாத்தும் இடத்தில் அத்தியாயம் முடிந்துவிடும்.

மக்கள் வாய்மொழியில் இந்தக் கூச்சம் கிடையாது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக வந்து, 2021-ல் மறையும்வரை புதுச்சேரியிலேயே வாழ்ந்த கி.ராஜநாராயணன், பெரியவர்கள் தங்களுக்குள் மட்டும் சொல்லிக்கொள்ளும் பாலியல் கதைகளைத் தொகுத்து ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்று பெயரிட்டார். கழனியூரனோடு சேர்ந்து ‘மறைவாய்ச் சொன்ன கதைகள்’ கொண்டுவந்தார். கிராமம் உடம்பைப் பற்றிக் கூச்சமில்லாமல் சிரிக்கும் என்பதற்கு அந்தப் பக்கங்கள் சாட்சி. அதே கிராமம், சாதி தாண்டிய ஒரு கல்யாணப் பேச்சு எழுந்தால் சிரிப்பை நிறுத்திவிடும்.

ஆகவே தணிக்கையின் உண்மையான இலக்கு எது என்பது தெளிவு. முத்தத்தை எடுத்தால் கதைக்கு ஒன்றும் ஆகாது. குடிசைக் காட்சியில் தொடுதல் இல்லாமலேயே ஊர் விழித்திருக்கிறது. ஆனால் பிறப்பைத் திருத்தினால் கதையின் உயிர்முடிச்சு அவிழ்ந்துவிடும். நம் கதைசொல்லிகள் இரண்டாவதைத்தான் மறுபடி மறுபடி செய்திருக்கிறார்கள்.

கதையில் இளவரசன், ஸ்டேஷனில் கடத்தல்காரன்

கதைதானே, திருத்தினால் யாருக்கு என்ன நஷ்டம்? நஷ்டக் கணக்கு கடலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. விருத்தாசலம் அருகே, 2003 ஜூலையில், சாதி மாறி ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட இளம் தம்பதியைப் பிடித்து, ஊரார் முன்னிலையில் விஷம் கொடுத்துக் கொன்றார்கள். கணவர் பட்டியல் சாதியைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி. மனைவி வேறு சாதி. வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021 செப்டம்பரில். காவல்துறையினர் உட்பட 13 பேர் குற்றவாளிகள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதிசெய்தது. கொலைக்கும் கடைசித் தீர்ப்புக்கும் நடுவே இருபத்தோரு ஆண்டுகளுக்கு மேல்.

அந்த இளைஞருக்குக் காசியில் ஓர் அரசத் தகப்பன் இருந்திருந்தால் உயிரோடு விட்டிருப்பார்கள். திருத்தப்பட்ட கதைகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லித்தந்த பாடம் அதுதானே? நாயகன் நல்லவன், வீரன், காதலிக்கத் தக்கவன். ஆகவே அவன் ‘நம்ம ஆள்’ ஆகத்தான் இருப்பான், கடைசியில் தெரியவரும். தெரியவராவிட்டால்? அந்தக் கேள்விக்குத் திருத்தப்பட்ட கதைகளிடம் பதில் இல்லை.

கொலைவரை போகாத நூறு கதைகளில் நடப்பது வேறு. பெண் வீட்டைவிட்டுப் போனதும் ‘பொண்ண இழுத்துக்கினு ஓடிட்டான்’ என்று ஊர் பேசும். ஸ்டேஷனில் முதலில் ‘காணவில்லை’ புகார், பிறகு கடத்தல் புகார். பையன் கடலூர்ப் பக்கம், பெண் பாகூர்ப் பக்கம் என்றால் இரண்டு மாநிலக் காவல்துறை. சட்டப்படி வயது வந்த பெண் தன் விருப்பத்தில் போயிருந்தாலும், அவள் வந்து வாய் திறக்கும்வரை அவன் தேடப்படும் ஆள்தான். பாளையக்காரரின் குதிரைகள் செய்த வேலையை இன்று ஒரு முதல் தகவல் அறிக்கை செய்கிறது. நம் காலத்தில் கள்ளன் உருவாகும் இடமும் அதுவே.

2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஐ.டி. ஊழியர் ஒருவர் காதலுக்காகக் கொல்லப்பட்ட பிறகு, தனிச்சட்டம் வேண்டும் என்ற குரல் தமிழ்நாட்டில் மீண்டும் எழுந்தது. அக்டோபரில், ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் இதற்கான ஆணையத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

---
பெட்டிச் செய்தி 3: சட்டம் என்ன சொல்கிறது?

• திருமண வயது: பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. 18 வயது நிரம்பாதவர் விஷயத்தில் ‘விருப்பப்பட்டுத்தான் போனேன்’ என்ற வாதம் சட்டத்தில் நிற்காது. போக்சோ சட்டமும் (2012) குறுக்கே வரும்.

• லதா சிங் வழக்கு (2006): வயது வந்தவர் தான் விரும்பியவரை மணக்கலாம், சாதி மாறி மணந்தவர்களைத் துன்புறுத்துவோர் மீது காவல்துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

• சக்தி வாஹினி வழக்கு (2018): இருவர் மனமொத்தால் போதும், குடும்பத்தின் சம்மதமோ ஊரின் சம்மதமோ தேவையில்லை. பாதுகாப்பு இல்லங்கள், தனிப் பிரிவுகள் அமைக்க அரசுகளுக்கு உத்தரவு.

• சிறப்புத் திருமணச் சட்டம் (1954): 30 நாள் முன்னறிவிப்பை அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். தப்பி வந்த ஜோடிக்கு இந்த 30 நாள்தான் ஆபத்தான காலம்.

• பிரெஞ்சுப் புதுச்சேரியில் 1881-ன் ஆணைப்படி ஒருவர் தன் குல வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் கீழ் வர முடிந்தது. ‘ரெனோன்சான்’ என்று அழைக்கப்பட்ட அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் உண்டு.
---

புதிதாக எழுதுகிறவர் முன்னே மூன்று முடிச்சுகள்

பிறப்பைத் திருத்தக் கூடாது என்பதற்காகப் பழங்கதையில் இருப்பதை எல்லாம் அப்படியே எடுத்து வைக்கவும் முடியாது.

முதல் முடிச்சு சம்மதம். காத்தவராயன் வளையல் செட்டி வேடத்தில் ஆரியமாலையை நெருங்குகிறான். சில வடிவங்களில் அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். கூத்தில் அது சாகசம். இன்று அது குற்றம். அவளுக்குத் தெரியாமல் நடந்த எதையும் காதல் என்று எழுத முடியாது. நல்லவேளையாக, பொம்மி கதையில் வாசல் திறந்தே இருக்கிறது. குடிசையிலிருந்து வெளியே வந்தவள் அவள். எழுதுகிறவர் அந்த முடிவை அவள் கையிலேயே கொடுத்துவிடலாம்.

இரண்டாவது, வெள்ளையம்மாள். ஒரு நாயகன், இரண்டு நாயகிகள் என்பது கோயில் சிலைக்கு அழகு. இன்றைய வாசகிக்கு அது துரோகம். அவளைக் கதையிலிருந்து நீக்கிவிடுவது எளிது. ஆனால் அரண்மனையின் உடைமையாக இருந்த ஒருத்தி வெளியே வர நினைத்த கதை அவளுடையது. துணைப் பாத்திரமாக ஒதுக்கத் தக்கவள் அல்ல. தனி நாவலே கேட்கிறாள்.

மூன்றாவது, முடிவு. காதல் நாவல் சந்தைக்குச் சுபம் வேண்டும். நம் பழைய கள்ளர் கதைகள் பெரும்பாலும் கழுவிலோ வெட்டுக் கட்டையிலோ முடிகின்றன. செத்தவனைச் சாமியாக்குவது நம் பழைய வழி. கொன்றவர்களே பயந்து படையல் போடுவார்கள். ஆனால் கொன்ற சட்டம் அப்படியே இருக்கும். உயிரோடு இருக்கும் காதலர்களுக்கு அந்தத் தெய்வப் பதவியால் ஒரு பயனும் இல்லை.

புதுச்சேரி ஏற்கெனவே எழுதிய விடை

நாயகனையும் திருத்தாமல், அவனைச் சாகவும் விடாமல் ஒரு கதையை முடிக்க முடியுமா? முடியும் என்று 1937-லேயே எழுதிக் காட்டியவர் புதுச்சேரிக்காரர். பாரதிதாசனின் ‘புரட்சிக்கவி’யில் உதாரன் அரச குலத்தவன் அல்லன், இளவரசி அமுதவல்லிக்குக் கவிதை சொல்லித்தர வந்த கவிஞன். இருவரும் நெருங்கிவிடக் கூடாதென்று நடுவே திரை கட்டுகிறார்கள். அவனுக்குப் பார்வை இல்லை என்று அவளிடமும், அவளுக்குத் தொழுநோய் என்று அவனிடமும் பொய் சொல்லி வைக்கிறார்கள். அவன் நிலவைப் பாட, பொய் உடைகிறது. அரசன் மரண தண்டனை விதிக்கிறான். அவள் அவனோடு சாகத் தயாராக நிற்கிறாள்.

இதற்கு மூலமான வடமொழிப் பில்கணன் கதையில் அரசன் மனம் இரங்கி மன்னிக்கிறான். பாரதிதாசன் மன்னிப்பை ஏற்கவில்லை. கொலைக்களத்தில் கூடிய மக்கள் எழுகிறார்கள், அரசன் போகிறான், காதலர் பிழைக்கிறார்கள், ஆட்சி மக்களுடையதாகிறது. உதாரன் கடைசிவரை உதாரன்தான். அவனுக்கு ஒரு ரகசியத் தகப்பன் தேவைப்படவில்லை. திருத்தப்பட்டது நாடு.

இந்த வழியில் பாகூர்ப் பக்கத்துக்கு ஒரு புதுக்கதை எழுதிப் பார்ப்போம். 2024 டிசம்பர் தொடக்கம். ஃபெஞ்சல் புயல், சாத்தனூர் அணைத் திறப்பு, தென்பெண்ணை கரை மீறி ஓடுகிறது. கரையோர ஊர்கள் தண்ணீருக்குள். ஓலைக் குடிசைக்குப் பதில் ஒரு பள்ளிக்கூட நிவாரண முகாம். தனித்தனித் தெருக்களில் வாழ்ந்தவர்கள் ஒரே கூரையின் கீழ் படுக்க வேண்டிய இரவு. இரவுக் காவலுக்கு வர வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட, அவருடைய மகன் டார்ச்சோடு வருகிறான். நாயகி அங்கே உணவுப் பொட்டலக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் கல்லூரி மாணவி. வயது இருபது, அதைத் தெளிவாகவே எழுத வேண்டும். தொடாமல் பேசிக்கொள்ள நாலு இரவு போதும்.

தண்ணீர் வடிந்ததும் தெருக்கள் மறுபடி பிரியும். பேச்சு வெளியே வரும். புகார் போகும். ஆற்றைத் தாண்டிப் போன இருவரில் அவன் மட்டும் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ ஆவான். உச்சக்காட்சி குதிரைச் சண்டை அல்ல, சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் ஆட்கொணர்வு மனு. பெற்றோர், போலீஸ், வக்கீல்கள் நிற்கும் அறையில் நீதிபதி அந்தப் பெண்ணிடம் மட்டும் கேட்கிறார்: யாரோடு போக விரும்புகிறாய்? சட்டப்படி அவள் சொல்லும் ஒரு வரிதான் தீர்ப்பு. எந்தக் கூத்திலும் பொம்மியிடம் யாரும் கேட்காத கேள்வி அது. இதைவிடப் பெரிய காதல் வசனத்தை ஒரு நாவலாசிரியர் எழுதிவிட முடியாது. படிக்கிற வீட்டில் யாரும் முகம் சுளிக்கவும் வேண்டியதில்லை.

அப்புறம் கடைசி அத்தியாயம். பதிப்பாளர் ஒரு திருப்பம் கேட்பார். தளம் நடத்துகிறவர், வாசகர் எதிர்பார்ப்பு என்பார். பையனின் தாத்தா பெரிய பண்ணை என்றோ, அவன் உண்மையில் பெண்ணின் தூரத்து உறவு என்றோ ஒரு வரி சேர்த்தால் எல்லோருக்கும் நிம்மதி. அந்த வரியை எழுத மறுப்பவர்தான் இந்தக் கதையைப் புதிதாகச் சொன்னவர். அவன் காவல்காரரின் மகன். முதல் பக்கத்திலும் அப்படித்தான், கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான்.